அண்ணாவியார் வீட்டுப் பள்ளிக்கூடம்

ஞாயிற்றுக்கிழமைப் பெரிய பூசை முடிந்து சுவாமியார் "கையை உயர்த்துங்கோ" என்று சொன்னபோது முதலில் உயர்ந்த கை கிறிஸ்தோப்பருடையது. கடைசியாக இறங்கிய கையும் அதுதான். பெண்கள் பக்கத்தில் கடைசிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மாக்கிறேற் இரண்டையும் கவனித்தாள். அந்தக் கையோடு குடும்பம் நடத்துகிறவள் அவள். அது ஒருமுறை உயர்ந்தால் லேசில் இறங்காது என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அது அறுபதாம் ஆண்டு முடியப்போகிற நேரம். கத்தோலிக்கக் கோயில்கள் நடத்திவந்த பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது என்று சட்டம் வந்திருந்தது. ஊர்காவற்றுறைப் பக்கத்து வேதக்காரர் எல்லோருக்கும் நெஞ்சு கொதித்தது. நியாயமான கொதிப்புத்தான். பாட்டன் பூட்டன் கல் சுமந்து கட்டிய பள்ளிக்கூடத்தை யாரோ வந்து தங்களுடையது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதனால் அன்றைக்குக் கோயிலில் ஒரு சத்தியம் நடந்தது. பள்ளிக்கூடம் திரும்பிக் கோயிலின் கைக்கு வரும்வரை எங்கள் பிள்ளைகள் அந்த வாசற்படலைக்குள் கால் வைக்க மாட்டார்கள் என்று வலது பக்கத்து வாங்குகளில் இருந்த ஆண்கள் எல்லோரும் கையை உயர்த்தினார்கள். இடது பக்கத்தைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே முக்காடு போட்ட பெண்கள் வழக்கம்போலப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் கிழமை பள்ளிக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டாம் கிழமை, வீட்டில் நின்ற பிள்ளைகள் சட்டி பானைகளை ஒரு வழி பண்ணிய பிறகு, கொதிப்புக் கொஞ்சம் அடங்கியது. தவக்காலம் தொடங்குவதற்குள் ஊர்ப்பிள்ளைகள் முழுவதும் திரும்பிப் போய்விட்டார்கள். போய்ப் பார்த்தால் அதே வாத்திமார், அதே பிரம்பு, சுவரில் அதே ஆணியில் அதே சிலுவையில் பாடுபட்ட சுரூபம். அரசாங்கம் மாற்றியது வாசல் பலகையின் எழுத்தை மட்டும்தான். சுவாமியாரே ஒருநாள் பிரசங்கத்தில், மேலிடத்தில் பேசியாயிற்று, கை உயர்த்தியவர்களின் மனச்சாட்சிக்கு இனிப் பாரமில்லை என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டார். முன்வாங்கில் இருந்த கிறிஸ்தோப்பருக்கு அது மட்டும் காதில் விழவில்லை.

"எல்லாரும் யூதாசுகள்," என்றார் வீட்டுக்கு வந்து.

"சுவாமியுமோ?" என்று கேட்டாள் மாக்கிறேற்.

"நீர் சும்மா இரும்."

கிறிஸ்தோப்பருக்கு இரண்டு வத்தைகள் இருந்தன. அவை ஓடு ஏற்றவும் நெல் ஏற்றவும் பிறர் பொறுப்பில் கடலில் போய்வந்தன. ஆகவே கரையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. வேலையில்லாத மனிதருக்குப் பெரிய பதவி ஒன்று இருந்தது: திருநாளுக்குத் திருநாள் கோயில் முற்றத்தில் ஆடும் நாட்டுக்கூத்துக்கு அவர்தான் அண்ணாவியார். யாருக்கு எந்தப் பாகம் என்று பிரித்துக் கொடுப்பதும், தாளம் தட்டிப் பாட்டுப் பழக்குவதும், ஆட்டக்காரன் மேடையில் திகைத்தால் திரைக்குப் பின்னால் நின்று முதல் அடியை எடுத்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு.

"எழுதப் படிக்கத் தெரியாத குருசுமுத்துவை ராசாவாக்கி விடியவிடியப் பாட வைச்சனான். என்ரை பிள்ளையளுக்கு நாலு பாடம் பழக்க எனக்கு ஏலாதோ?" என்றார்.

அவருக்கு ஏலும் என்பதுதான் மாக்கிறேற்றின் பயம்.

மறுநாளே விறாந்தையில் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. பழைய வத்தையொன்றின் மணி கூரை மரத்தில் தொங்கியது. ஒரு கதவுப் பலகை கரி பூசிக் கரும்பலகையானது. பெரிய கதிரையில் கிறிஸ்தோப்பர், முன்னால் பாயில் நான்கு பிள்ளைகள்: பத்து வயது அற்புதமலர், அவளுக்கு அடுத்த பொன்சியான், அவனுக்கு அடுத்த சவிரி, இன்னும் பால்பல் விழாத வயலற். மாக்கிறேற்றுக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. குசினியில் நின்று எல்லோருக்கும் சமைப்பது. அதை அவள் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

காலையில் அந்த மணி அடிக்கிற அடியில் வேலிக்கு அங்கால் நாகபூசணியின் வீட்டுக் கோழிகள் சிதறும். நாகபூசணி சைவக்காரி, வாய் நீளம், மனம் நல்லம். அவளுடைய மகளும் அற்புதமலரும் முன்பு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

"மாக்கிறேற் அக்கா, உங்கடை மணிச் சத்தத்துக்கு எங்கடை மாடு இப்ப பால் சுரக்கப் பழகிப்போச்சு. லீவு நாளிலையும் அடிக்கச் சொல்லுங்கோ," என்பாள் கிடுகு வேலிக்கு மேலால். பிறகு குரலைத் தணித்து, "என்ரையவள் பின்னம் படிக்கிறாள். அற்புதம் என்ன படிக்கிறாள்?" என்று கேட்பாள்.

அதுதான் மாக்கிறேற்றுக்குக் குத்தும். அவள் நான்காம் வகுப்போடு நின்றவள். தாய் செத்துப்போக, தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒருநாள் மறித்தார்கள், மறித்ததுதான். செபப்புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவு. அற்புதமலரை ஒரு ரீச்சராகப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. வெள்ளைச் சேலை கட்டி, குடை பிடித்து, பஸ் தரிப்பில் நிற்கிற ரீச்சர். அந்தக் குடையின் நிறத்தைக்கூட அவள் தீர்மானித்து வைத்திருந்தாள்.

விறாந்தையில் என்ன நடக்கிறது என்று அவள் அடிக்கடி எட்டிப் பார்ப்பாள். பார்க்கக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் தாளத்துக்குப் பாடம் சொன்னார்கள். அற்புதமலர் சரித்திரம் பாடினால், மன்னார் வேதசாட்சிகள் வெட்டுண்ட கட்டம் வந்ததும் தெருவால் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். பொன்சியான் பதினாறாம் வாய்ப்பாட்டை வீரராகத்தில் சொல்லும்போது மீசை மட்டும்தான் குறை. சவிரி ஆறுகளையும் மலைகளையும் அடுக்கினான். வயலற், பல் துலக்காதவனுக்கு வரும் கேடுகளை ஒப்பாரியில் சொன்னாள். காலையில் ஞானோபதேசம் மட்டும் எல்லோரும் சேர்ந்து, பிற்பாட்டுப் போல.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. இந்தப் பிடிவாதத்தை எப்படியாவது உடைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவைப்பது என்று தீர்மானித்து ஒருநாள் பின்னேரம் சுவாமியார் வந்தார். வருகிறார் என்று கிறிஸ்தோப்பருக்கு முதல்நாளே தெரிந்துவிட்டது. கூத்து மேடையேறுவதற்கு முன் உடுப்போடு ஆடிப்பார்ப்பதை வெள்ளுடுப்பு என்பார்கள். அன்று விறாந்தையில் நடந்தது அசல் வெள்ளுடுப்பு. நால்வரும் கஞ்சி போட்ட உடுப்பில் வரிசையாக நின்றார்கள். கிறிஸ்தோப்பர் தாளத்தோடு ஓரத்தில் நின்றார்.

"பதினாலு ஒன்பது எவ்வளவு?" என்று சுவாமியார் வாய் மூடவில்லை, பொன்சியான் ஓர் அடி முன்னால் வந்து பாடிவிட்டுப் பின்னால் போனான். நீளமான ஆறு எது என்றார், சவிரி வந்தான். பறங்கிகள் எப்போது வந்தார்கள் என்றார். அற்புதமலர் புயலையும் கப்பலையும் கொண்டுவந்து விறாந்தையில் இறக்கினாள். ஒரு தடக்கல் இல்லை, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழவில்லை. இப்படி ஒழுக்கமான வகுப்பைச் சுவாமியார் தன் சீவியத்தில் கண்டதில்லை. அவர் சொல்ல வந்த புத்திமதியைப் பனங்காய்ப் பணியாரத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

"அண்ணாவியார், இந்தப் பெட்டையை யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்திலை விடுங்கோவன்," என்றார் ஏப்பம் விட்டபடி. "அது இன்னும் கோயிலின்ரை கையிலைதானே, உங்கடை சத்தியத்துக்கும் பங்கமில்லை. ஆறாம் வகுப்புக்கு எடுக்க ஒரு சோதினை வைப்பினம். நான் மதருக்குச் சொல்லிவிடுறன்."

குசினி வாசலில் நின்ற மாக்கிறேற்றுக்குக் குடை கண்ணுக்குத் தெரிந்தது. அன்றிரவு செபமாலையில் அவள் பத்து மந்திரம் கொண்ட ஒரு காரணிக்கம் கூடுதலாகச் சொன்னாள்.

அந்தச் சந்தோஷம் அடுத்தநாள் மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அற்புதமலரிடம், பேச்சோடு பேச்சாக, "பிள்ளை, நாங்கள் ஆறு பேர். ஆளுக்கு மூண்டு பணியாரமெண்டால் எத்தினை சுடவேணும்?" என்று கேட்டாள்.

அற்புதமலர் தலை நிமிராமல் சொன்னாள்: "பொன்சியைக் கூப்பிடட்டோ அம்மா?"

"ஏன், உனக்குச் சொல்லத் தெரியாதோ?"

"கணக்கு, தம்பியின்ரை பாகம்."

மாக்கிறேற் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்ப் பொன்சியானிடம், பறங்கிகள் எப்போது வந்தார்கள் என்று கேட்டாள். "அது அக்கா," என்றான் அவன், வெகு மரியாதையாக. சவிரியிடம் இரண்டும் மூன்றும் எத்தனை என்றாள். அவன் பொன்சியானைப் பார்த்தான். அண்ணாவியார் கூத்தைப் பிரிக்கிற மாதிரியே பாடங்களைப் பிரித்து, ஆளுக்கு ஒரு பாகமாகக் கொடுத்திருக்கிறார். நான்கு பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு படித்த பிள்ளை. தனித்தனியே எடுத்தால் காற்பிள்ளை.

அவள் நேரே கணவனிடம் போனாள். "இஞ்சருங்கோ, அவளுக்கு ஒரு கூட்டல் கழித்தல் தெரியாது."

"அவளுக்கு ஏன் அது? குரலுள்ளவளுக்குச் சரித்திரம், தொண்டையுள்ளவனுக்குக் கணக்கு. எல்லாரும் எல்லாத்தையும் படிச்சால் எல்லாம் அரைகுறை. ராசாவின்ரை பாட்டை மந்திரி பாடினால் சபை சிரிக்கும்."

"சோதினைக்கு அவள் தனியவல்லோ போறாள்!"

"தனிய ஏன் போறாள்? அடி எடுத்துக் குடுக்க நான் போறன்தானே," என்றார் கிறிஸ்தோப்பர். இதைவிட என்ன வேண்டும் என்பது போல அவளைப் பார்த்தார்.

சுவரோடு பேசி என்ன பயன் என்று மாக்கிறேற் குசினிக்குத் திரும்பினாள். சோதினைக்கு அதிக நாளில்லை. புளியங்கொட்டைகளை நிலத்தில் பரப்பி, மகளை எதிரே இருத்தி, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். பிள்ளை கப்பென்று பிடித்தாள். அதைப் பார்க்கப் பார்க்கத் தாய்க்கு ஆத்திரம் கூடியது. இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாடு, ஐந்தாம் வாய்ப்பாடு. அதற்கு மேல் மாக்கிறேற்றிடம் சரக்கு இல்லை. பொன்சியானிடம் கேட்டுப் படி என்றால், அவன் மொத்தமாகப் பாடத்தான் அறிவான், நடுவில் நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவான்.

சோதினையன்று மூவரும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனார்கள். கிறிஸ்தோப்பர் சால்வையும் தங்கப் பொத்தான் சட்டையுமாக, அரங்கேற்றத்துக்குப் போகிறவர் போல இருந்தார். மடத்து அறையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மதரும், பக்கத்தில் ஓர் இளம் மதரும் இருந்தார்கள். பெற்றோருக்குப் பின்னால் கதிரைகள். அற்புதமலருக்கு முன் போன பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக எழும்பி, கணக்கு, சரித்திரம், சுகாதாரம் என்று கேட்டதற்கெல்லாம் தாங்களே மறுமொழி சொன்னதை அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முறை வந்தது. மதர் சரித்திரத்தில் தொடங்கினார். அற்புதமலர் எழும்பி நின்று மன்னார் வேதசாட்சிகளைப் பாடினாள். மூக்குக்கண்ணாடி மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிறிஸ்தோப்பர் மாக்கிறேற்றை முழங்கையால் இடித்தார்.

"நல்லது பிள்ளை. இப்ப சொல்லும் பாப்பம், ஒரு கடகத்திலை பதினாறு மாம்பழம். ஏழு கடகத்திலை எத்தினை?"

அற்புதமலர் திரும்பிப் பின்னால் பார்த்தாள். கிறிஸ்தோப்பர் எழும்பினார். வலக்கையை உயர்த்தி, தொடையில் தாளம் தட்டி, "பதினாறோடு..." என்று வீரராகத்தில் அடி எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்து நின்றார். அறை முழுவதும் காத்து நின்றது. பிள்ளைக்கு ராகம் தெரியும், சொல் தெரியாது.

"அது தம்பியின்ரை பாகம், மதர்," என்றாள் மெல்ல.

மதருக்கு விளங்கவில்லை. கிறிஸ்தோப்பர் விளங்கவைக்க முன்னால் வந்தார். "மதர், குறை நினைக்காதேங்கோ. கணக்குக்கு ஆள் வீட்டிலை நிக்குது. அடுத்த பஸ்ஸிலை போய்க் கூட்டிக்கொண்டு வாறன். பூமிசாத்திரமும் வேணுமெண்டால் சொல்லுங்கோ, ஒரே பயணமாய்ப் போகும்."

இளம் மதர் கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு அவசரமாக வெளியே போனார். மூக்குக்கண்ணாடி மதர் சிரிக்கவில்லை. "சோதினைக்கு வந்தது இந்தப் பிள்ளையோ, உங்கடை குடும்பமோ?" என்று கேட்டார். பிறகு மாக்கிறேற்றைப் பார்த்து, "பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் இந்தமுறை எடுக்க ஏலாது. ஒரு வருஷம் ஒழுங்கான பள்ளிக்கூடத்திலை விட்டுப்போட்டுக் கொண்டு வாங்கோ. ஒழுங்கான பள்ளிக்கூடத்திலை," என்றார்.

வெளியே மாமரத்தடியில் அற்புதமலர் தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அந்தப் பிள்ளையளுக்கு எல்லாற்றை பாகமும் தெரியுது. அவையளுக்கு ஆர் பழக்கினது?"

பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டும்வரை மாக்கிறேற் சேலைத் தலைப்புக்குள் அழுதாள். மகளை நினைத்து அழுதாள். ஒன்றரை வருஷம் எட்டி எட்டிப் பார்த்தும், பாட்டில் மயங்கி ஒன்றும் விளங்காமல் நின்ற தன்னை நினைத்தும் அழுதாள். முன்சீற்றில் இருந்த கிறிஸ்தோப்பருக்கு ஒரு கவலையும் இல்லை.

"சரித்திரத்திலை ஒரு பிசகு பிடிச்சினமோ? மதர் கண் துடைச்சதைக் கண்டனீரோ? கேள்வி கேக்கத் தெரியாதவையட்டைப் போனது எங்கடை பிழை," என்றார்.

அதற்கு மறுமொழியை அவள் திங்கட்கிழமை காலை சொன்னாள். நால்வரையும் தலைவாரி, கொண்டு போகச் சிலேட்டுக் கொடுத்து, படலையடிக்கு வந்தபோது கிறிஸ்தோப்பர் மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"எங்கை போறியள்?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"நான் ஆண்டவருக்கு முன்னாலை கை உயர்த்தினனான்!"

"ஓம், நீங்கள் உயர்த்தினியள். ஆம்பிளையள் எல்லாரும் உயர்த்தினவை. எங்கடை பக்கம் திரும்பி ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நான் கை உயர்த்தேல்லை," என்றாள் மாக்கிறேற். "உங்கடை சத்தியம் உங்களோடை வீட்டிலை இருக்கட்டும். நீங்கள் அந்தப் படலைக்குள்ளை கால் வைக்க வேண்டாம். நான் வைக்கிறன்."

கிறிஸ்தோப்பர் வாயைத் திறந்தார். விடியவிடியப் பாடத் தெரிந்த மனிதருக்கு அன்றைக்கு அடி எடுத்துக் கொடுக்க ஆளில்லை. வேலிக்கு அங்கால் நாகபூசணி மட்டும், "அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ, என்ரையவளும் வாறாள்!" என்று கூவினாள்.

பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார் அற்புதமலரைத் தம்பியின் வகுப்பில்தான் விட்டார். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு தலை உயரமாக அவள் இருப்பதை மாக்கிறேற் யன்னலால் பார்த்தாள். மனம் கசந்தது. ஆனால் பிள்ளை சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு கரும்பலகையை விழுங்குவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்தோப்பர் அந்தக் கிழமை முழுவதும் மணியை வேளைக்கு அடித்தார். மாடு பால் சுரந்தது. ஊரில் யாராவது கேட்டால், தன்னுடைய பள்ளிக்கூடத்துக்கு இப்போது தவணை விடுமுறை என்றார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், அற்புதமலர் விறாந்தையில் குப்புறப் படுத்து வீட்டுக்கணக்குச் செய்துகொண்டிருந்தாள். பதினாறை ஏழால் பெருக்கவேண்டும். ஆறேழு என்று முணுமுணுத்து, விரலை மடக்கி, நிறுத்தி, அழித்து, திரும்ப எழுதினாள். கதிரையில் இருந்த கிறிஸ்தோப்பருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய வலக்கை தானாக உயர்ந்தது.

"பதினாறோடு..."

"அப்பா, எடுத்துத் தராதேங்கோ," என்றாள் அற்புதமலர், சிலேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானே பாக்கிறன்."

குசினி வாசலில் நின்ற மாக்கிறேற், அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு மெதுவாகக் கீழே இறங்குவதைப் பார்த்தாள்.

அற்புதமலர் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள். அப்பாவை விட்டால், அது சரியோ பிழையோ என்று அந்த வீட்டில் உடனே சொல்லக்கூடிய ஒரே ஆள் பொன்சியான். அவன் ஒழுங்கையில் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அவனை ஒருவரும் கூப்பிடவில்லை.